ஹிட்ச் சரியாகத்தான் இருக்கிறது

ஆர்டித் ஹாகன் இருபத்தாறு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். எங்கள் ஸ்டாவ்லி ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் யாரை நிறுத்திக் கேட்டாலும், சின்ன வயதில் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கூச்சல் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று வைத்திருப்பார்கள். வடக்கு டகோட்டாவின் ஜனவரியில் கார்கள் கிளம்ப மறுக்கும் காலைகளிலும் அவள் பஸ் கிளம்பிவிடும். காற்று கிளப்பிவிட்ட பனியில் ரோடு எது, சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல் எது என்று தெரியாத வெள்ளைக்குள் புகுந்து, ஒரு பிள்ளைக்கும் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

இப்பேர்ப்பட்டவள் விடுமுறையில் ட்ரெய்லரோடு தங்கும் முகாம் மைதானத்துக்குப் போனால் என்ன செய்வாள்? ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டுவாள்.

அது எங்கள் பக்கத்து வழக்கம். வீடு மாதிரி இருக்கும் அந்தப் பெரிய ட்ரெய்லரைப் பிக்கப் என்கிற சின்ன லாரியில் மாட்டி இழுத்துப் போகும் தம்பதிகளில் ஆண்தான் ஓட்டுவான். இடம் வந்ததும் பெண் இறங்கிப் பின்னால் போய் நின்று, வா, வா, இடது பக்கம், போதும், நில் என்று கை காட்டுவாள். மரத்தில் இடித்தால் கை காட்டியவள் மேல் பழி. இடிக்காமல் நின்றால் ஓட்டியவனுக்குப் பெருமை. யார் போட்ட சட்டமோ தெரியாது, நினைத்தாலே எரிச்சல் வருகிறது. ஆனால் ஆர்டித்துக்கே அது தப்பாகத் தோன்றியதில்லை. வேலையில் ஓட்டியது வேறு, விடுமுறையில் ஓட்டுவது வேறு என்று அவளும் இருந்துவிட்டாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இந்தக் கதையே அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். சூப் வாயில் வைக்க முடியாமல் இருந்தால், "இது ஒரு மாதிரி வித்தியாசமா இருக்கே" என்பார்கள். ஒருவன் கோணல்மாணலாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால், உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று உயிரே போனாலும் சொல்ல மாட்டார்கள். "உங்க ஹிட்சை ஒரு தடவை பாத்துக்கிட்டா நல்லது" என்பார்கள். ஹிட்ச் என்றால் பிக்கப்பின் வாலில் ட்ரெய்லரை மாட்டும் இரும்பு இணைப்பு. இரும்புக்கு மானம் மரியாதை கிடையாது, எவ்வளவு பழி போட்டாலும் தாங்கும்.

ஆர்டித்தின் கணவன் வெர்லின், ஊர்த் தானியக் கிடங்கில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவன். அக்டோபரில் சர்க்கரை பீட் அறுவடை வந்துவிட்டால் லீவு போட்டுவிட்டு லாரி ஓட்டப் போய்விடுவான். அது அவனுக்குத் திருவிழா. பேச்சு குறைவு. ஆர்டித் என்ன சமைத்து வைத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாலும், "மோசமில்லை" என்பான். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கேட்டவர்கள் அன்று முழுக்க உச்சி குளிர்ந்து திரிவார்கள்.

அவர்கள் பழகியதே ஒரு இழுவையில்தான். ஒரு பிப்ரவரியில் ஆர்டித்தின் கார் பள்ளத்துப் பனியில் சிக்கிக்கொண்டது. அந்த வழியாக வந்த வெர்லின் சங்கிலி போட்டு இழுத்துவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை உனக்கு என்ன வேலை?" என்று மட்டும் கேட்டான். அவளுக்கு வேலை எதுவும் இல்லை.

பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்த வருடமே இருவரும் சேர்ந்து பெரிய ட்ரெய்லர் ஒன்றை வாங்கினார்கள். உள்ளே படுக்கையறை, அடுப்படி, அகலமான ஜன்னல் எல்லாம் இருந்தன. ஆர்டித்துக்கு ஒரே ஒரு ஆசை. இத்தனை வருடம் காலையில் கிளம்பி ஊரைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தவள் அவள். ஒரு தடவையாவது திரும்பி வராத பாதையில் போக வேண்டும். தேவாலயத்தில் பாதிப் பேர் குளிர்காலத்துக்குப் பனியே விழாத டெக்ஸஸின் தென்கோடிக்குப் போய்விடுகிறார்கள், அங்கே போக வேண்டும்.

"ஜனவரி மாசம் செருப்பு போட்டுக்கிட்டு குப்பை கொட்டப் போகணும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்னைப் புதைச்சாலும் சரி" என்பாள்.

முதல் கோடையில் அவசரப்பட்டு பிக்கப்பின் வாலிலிருந்த வெறும் இரும்புக் குண்டிலேயே ட்ரெய்லரை மாட்டி ஏரிக்கு இழுத்துப் போனார்கள். பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. ஸ்டீயரிங் பிடியில் நிற்கவில்லை. சாயங்காலம் விளக்கைப் போட்டால் வெளிச்சம் மரக்கிளைகளில் விழுந்தது. அந்தத் தடவை ஹிட்ச் மேல் போட்ட பழி நியாயமானதுதான். ஊருக்குத் திரும்பியதும், சுமையைப் பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும் ஹிட்ச் ஒன்றை வாங்கி மாட்டினான் வெர்லின். இரண்டு பக்கமும் கனமான வில்லுக் கம்பிகள் இருந்தன. அவற்றைத் தூக்கிச் சங்கிலியில் ஏற்றினால் அமுங்கிய வண்டி நிமிர்ந்து சமமாகிவிடும். அந்த இலையுதிர் காலம் முழுக்க ட்ரெய்லர் சொன்ன பேச்சைக் கேட்டு நேராக வந்தது.

அடுத்த வசந்தத்தில்தான் வம்பு தொடங்கியது. வண்டி அவ்வப்போது வலது ஓரத்துக்கு நகர்ந்து, தூங்குகிறவனை எழுப்புவதற்காக ரோட்டோரம் வெட்டி வைத்திருக்கும் வரிகளின் மேல் ஏறி டர்ர்ர் என்று அலறும். ஆர்டித்தின் கால் தானாகத் தரையை மிதிக்கும்.

"ட்ரெய்லர் ஆடுது" என்பான் வெர்லின்.

ஆட்டத்தை அடக்க ஒரு கம்பி வாங்கினான். பிறகு மறுபக்கத்துக்கும் ஒன்று வாங்கினான். பிறகு வில்லுக் கம்பிகளையே இன்னும் தடியானதாக மாற்றினான். ஒவ்வொரு தடவையும், "இப்ப பாரு, தண்டவாளத்துல போற மாதிரி போகும்" என்பான். ஒவ்வொரு தடவையும் டர்ர்ர். முகாமில் பக்கத்து இடத்துக்காரர்கள் காபிக் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்து, ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு, "ஹிட்சைப் பாத்துக்கிட்டா நல்லது" என்று போனார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அப்போதே விஷயம் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆர்டித்துக்கு அந்த வருடம் வேறொரு கவலை இருந்தது. வெர்லின் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் ஏதாவது சொன்னால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வான். சாப்பாட்டு மேஜையில் அவள் தோளுக்கு அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்ப்பான். நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்துவிட்டு, இரண்டு பேரும் ஓய்வு பெற்று நாள் முழுக்க ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அது அவளை அரித்தது. யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் வெளியே சொல்லும் ஊரா எங்கள் ஊர்?

செப்டம்பர் கடைசியில் ஏரியிலிருந்து திரும்பும்போது ட்ரெய்லரின் பக்கவாட்டு விளிம்பு ஒரு பண்ணை வாசலிலிருந்த தபால் பெட்டியைத் தட்டி வீழ்த்தியது. வெர்லின் இறங்கிப் போய் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வெளுத்த முகத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"இந்த மாதிரி ட்ரெய்லரே சரியில்ல, ஆர்டித். பிக்கப் முதுகு மேலேயே தட்டு வெச்சு உக்கார வைக்கிற ஹிட்ச் இருக்கு பாரு, அதுதான் ஆடாது. இதைக் குடுத்துட்டு அந்த மாதிரி ட்ரெய்லரா வாங்கணும்."

"இப்பவா? பனி வர்றதுக்குள்ள கிளம்பணும்னு சொன்னியே."

"அப்ப அடுத்த வருஷம் போகலாம். இல்லைன்னா வித்துத் தொலைச்சிடலாம்."

அடுத்த வருஷம் என்று அவன் சொன்ன விதத்திலேயே அடுத்த வருஷம் கிடையாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. டெக்ஸஸும் செருப்பும் அவள் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தன.

மறுநாள் இருவரும் ட்ரெய்லரோடு டஸ்டின் செல்டிங்கரின் பட்டறைக்குப் போனார்கள். சுற்றுவட்டாரத்தில் ஹிட்ச் என்றால் டஸ்டின்தான். தாடியும் தொப்பையுமாக ஆள் பெரியவனாகிவிட்டாலும் ஆர்டித்துக்கு அவன் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொண்ட டஸ்டின்தான். இரண்டாம் வகுப்பில், உறைகுளிரில் பஸ் கைப்பிடியை நக்கிப் பார்த்து நாக்கு இரும்பில் ஒட்டிக்கொண்டு அலறியவன். ஆர்டித் தன் பிளாஸ்கிலிருந்த ஆறிய காபியை ஊற்றித்தான் விடுவித்தாள்.

"வணக்கம், மிஸஸ் ஹாகன். நான் இன்னும் எதையும் நக்கலை" என்றான் டஸ்டின்.

"பாத்தாத் தெரியுது. முழுசா முழுங்கிட்டு இருக்கே" என்றாள் அவள், தொப்பையைப் பார்த்து.

வெர்லின் சிரிக்கவில்லை. "டஸ்டின், இந்த ஹிட்ச் உதவாது. ஆடுது. முதுகுத் தட்டு என்ன விலைன்னு சொல்லு, நான் வேற ட்ரெய்லர் பாத்துக்கறேன்."

டஸ்டின் அவசரப்படவில்லை. ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு, பிக்கப்பின் முன் சக்கரத்துக்கு மேலிருக்கும் தகர வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தான். ட்ரெய்லரை மாட்டி மறுபடி அளந்தான். வில்லுக் கம்பிகளை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை அளந்தான். பிறகு கீழே படுத்து ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்த்தான். எழுந்து வந்தவன் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ட்ரெய்லர் இல்லாதப்ப எந்த உயரமோ, கம்பி ஏத்தினதும் அதே உயரம். இதைவிட நல்லா யாராலும் அமைக்க முடியாது." பிறகு வெர்லினை விட்டுவிட்டு ஆர்டித்தைப் பார்த்தான். "ஹிட்ச் சரியாத்தான் இருக்கு, மிஸஸ் ஹாகன்."

அந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்ல அவன் எவ்வளவு கஷ்டப்பட்டான் என்பது எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு புது ஹிட்சை விற்றுவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவன் அதைச் செய்யவில்லை. ஹிட்ச் சரியாக இருக்கிறது என்றால், பழி போட இனி இரும்பு இல்லை. மீதி இருப்பது ஓட்டுகிறவன்தான்.

தேவாலயத்தில் பலகையில் போட்டிருக்கும் பாட்டு எண்ணை வெர்லின் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது ஆர்டித்துக்கு நினைவுக்கு வந்தது. காபி கோப்பையைத் தாண்டி மேஜையில் ஊற்றியது நினைவுக்கு வந்தது. இந்த வருடம் பீட் லாரிக்குப் போகப்போவதில்லை, முதுகு வலி என்று சொல்லியிருந்தான். திருவிழாவை யாராவது முதுகு வலிக்காக விடுவார்களா? பஸ் ஓட்டிய புத்திக்கு இன்னொன்றும் உறைத்தது. ஆடுகிற ட்ரெய்லர் இரண்டு பக்கமும் ஆடும், நாய் வாலாட்டினால் உடம்பே ஆடுவது போல. இந்த வண்டி ஒரே பக்கமாகத்தான் நழுவிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறேனே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

வீடு வரைக்கும் வெர்லின்தான் ஓட்டினான், அவள் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டர்ர்ர் மட்டும் ஒரு தடவை பேசியது.

மறுநாள் காலை வெர்லின் வழக்கம்போலக் கூட்டுறவுக் கடைக்குக் காபி குடிக்க நடந்து போனான். ஆர்டித் பிக்கப் சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். பின்னால் நகர்ந்து, இறங்கிப் பார்த்து, மறுபடி நகர்ந்து, குண்டை ட்ரெய்லரின் இரும்பு வாய்க்குக் கீழே கொண்டுவர அவளுக்கு நேரம் பிடித்தது. வாய் குண்டைக் கவ்விக்கொண்டதும் தாழ்ப்பாளைப் போட்டாள். வில்லுக் கம்பிகள்தான் அசையவில்லை. வெர்லின் ஒரு நீளக் குழாயைச் சொருகி மூச்சைப் பிடித்து ஏற்றுவான், அவளால் அது முடியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கும் ஜாக்கின் பொத்தானை அழுத்தினாள். ட்ரெய்லர் மூக்கும் பிக்கப் வாலும் சேர்ந்து மேலே எழும்பின. கம்பிகளின் இறுக்கம் தளர்ந்தது. கையாலேயே சங்கிலியை மாட்டிவிட்டாள்.

"ஒரு வருஷமா குழாயோட மல்லுக்கட்டிட்டு இருந்தானே, மடையன்" என்று சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது.

மேற்கிலிருந்து நல்ல காற்று அடித்துக்கொண்டிருந்தது. ட்ரெய்லர் ஆட வேண்டும் என்றால் ஆடுவதற்குத் தோதான நாள். பீட் வயல்களுக்கு நடுவே நேராக ஓடும் மாவட்ட ரோட்டில் அவள் வேகம் எடுத்தாள். ஆடு, ஒரே ஒரு தடவை ஆடு, ஆடிவிட்டால் எல்லாம் ஹிட்ச் தப்பு, வேறு எதுவும் தப்பில்லை என்று ட்ரெய்லரிடம் வாய்விட்டுக் கெஞ்சினாள். ட்ரெய்லர் ஆடவில்லை. ஆட்டத்தை அடக்கும் அத்தனை கம்பிகளோடும், நல்ல பிள்ளையாக, கோடு பிடித்தது போல அவள் பின்னால் வந்தது. அவ்வளவு பெரிய வண்டி தன் கைக்கு அடங்கி வருவதில் அவளுக்குச் சந்தோஷமும் இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கே குற்றமாகப் பட்டது.

திரும்பி வந்தபோது வெர்லின் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் இறங்கி எதிரே போய் நின்றாள்.

"ஆடலை" என்றாள்.

அவன் கொட்டகைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"வசந்தத்துலேர்ந்து. கிராண்ட் ஃபோர்க்ஸ்ல கண்ணு டாக்டர்கிட்ட போனேன். வண்டிக்குச் சாமான் வாங்கப் போறேன்னு சொன்னேனே, அன்னிக்கு."

"வசந்தத்துலேர்ந்து! என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு கண்ணு தெரியாம ஓட்டியிருக்கே. அந்த வாசல்ல தபால் பெட்டி இருந்துச்சு, சரி. ஒரு குழந்தை நின்னுருந்தா? வாயைத் திற, வெர்லின்! குழந்தை நின்னுருந்தா?"

அவள் கத்தியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டவர்கள் வித்தியாசமாக இருக்கிறதே என்று நினைத்திருப்பார்கள். வெர்லின் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதையே நினைச்சுட்டு ராத்திரி பூரா படுத்திருந்தேன்" என்றான். "எங்கப்பாவுக்கும் இதேதான் வந்துச்சு. அதுக்கப்புறம் ஜன்னல் ஓரமா உக்காந்தவரு, சாகற வரைக்கும் எழுந்துக்கலை. நானும் அப்படி ஆயிடுவேன்னு பயம். உன்கிட்ட சொன்னா ட்ரெய்லரை வித்துடுவே, உன் டெக்ஸஸ் போயிடும். எல்லாம் சேந்து வாயை அடைச்சிடுச்சு."

"அதுக்காக என் மூஞ்சியப் பாக்கறதையே விட்டுட்டியா? அது என்ன பண்ணுச்சு உன்னை?" அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தது அதுதான்.

வெர்லின் திகைத்துப் போனான். "பாக்கறதை விட்டேனா? அடிப்பாவி, உன்னைப் பாக்கறதுக்குத்தான் அப்படிப் பாக்கறேன். நேரா பாத்தா நீ இல்லை, ஆர்டித். நடுவுல அழுக்குத் துணி தொங்கற மாதிரி இருக்கு. ஓரத்துலதான் கண்ணு தெரியுது. கடிகாரத்தைப் பாத்தா நீ தெரியறே. இப்ப கொட்டகைக் கதவைப் பாக்கறேன், நீ அழறது தெரியுது."

ஆர்டித் அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கண் போன துக்கமும், தன்னை வெறுக்கவில்லை என்ற நிம்மதியும் ஒன்றாக வந்தால் மனுஷி வேறு என்ன செய்வாள்?

உள்ளே போய் காபி போட்டாள். அவன் கோப்பையை விரலால் தடவிப் பிடித்துக்கொண்டான். இனி மறைக்க வேண்டியதில்லை.

"சரி, வித்துடலாம்" என்றான்.

"ஏன் விக்கணும்? நான் செத்தா போயிட்டேன்?"

"நீ ஓட்டப் போறியா? டெக்ஸஸ் வரைக்குமா?"

"இருபத்தாறு வருஷம் அந்த பஸ்ல நான் என்ன ஸ்வெட்டரா பின்னிட்டு இருந்தேன்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அது வடிந்துவிட்டது. முகாமில் ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். பெண் ஓட்டுவாள், தான் மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு இறங்க வேண்டும். அந்தக் கதவு அவனுக்கு மலை மாதிரி இருந்தது. டவுனுக்குள் மட்டும் நீ ஓட்டு, நேரான ரோட்டில் நான் ஓட்டுகிறேன் என்று பேரம் பேசிப் பார்த்தான். ஆர்டித் மசியவில்லை. சாவியைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க அவன் கொட்டகையைவிட்டு வெளியே வரவில்லை. அவள் கூப்பிடவில்லை. அவன் அப்பாவைப் போல ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவானோ என்று அவளுக்கு உள்ளுக்குள் பதறிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் மதியம் டஸ்டின் போன் செய்தான். "மிஸஸ் ஹாகன், மிஸ்டர் ஹாகன் இங்க நடந்தே வந்துட்டாரு. ட்ரெய்லரோட நீங்க வரணுமாம். ஹிட்ச் மாத்தணும்கறாரு."

ஆர்டித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடியும் ஹிட்சா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிப் போனாள். பட்டறை வாசலில் வெர்லின் மரப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான்.

"நீதானே சரியா இருக்குன்னே?" என்று டஸ்டினிடம் சீறினாள்.

பதில் சொன்னது வெர்லின். "சரியாத்தான் இருக்கு, எனக்கு. அது என் முதுகுக்கும் என் கைக்கும் பாத்து வாங்கினது. ஹிட்சோட அந்த இரும்புத் தலை என்ன கனம்னு எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அதைக் கழட்டி மாட்டறதுக்கு உன்னால முடியணும். நானே இல்லாட்டியும் நீ ஒண்டியா மாட்டிக்கிட்டுக் கிளம்ப முடியணும். அப்படி ஒண்ணு குடுன்னு கேட்டேன்."

கோபப்பட்டு வந்தது ஆர்டித்துக்கு வெட்கமாக இருந்தது.

டஸ்டின் மேஜை மேல் நாலைந்து ஹிட்ச்களைக் கொண்டுவந்து வைத்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தப் பட்டறையில் ஒரு கேள்வி அவளிடம் கேட்கப்பட்டது. "உங்களுக்கு எது தோதுப்படும்?" அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஒன்று தூக்கவே வரவில்லை. இன்னொன்று எடை குறைவு, ஆனால் ஆட்டத்தை அடக்கத் தனியாகக் கம்பி வேண்டுமாம். கடைசியில் ஒன்று அகப்பட்டது. தலை சின்னது, கம்பிகள் கைக்கு அடங்கின, ஆட்டத்தை அடக்கும் பிடிப்பு அதிலேயே இருந்தது. ட்ரெய்லரின் கனத்தை அது தாங்குமா என்று வெர்லின் டஸ்டினைக் குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, அதை மடியில் வாங்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தான்.

"மோசமில்லை" என்றான்.

அன்றிலிருந்து மாட்டுவது அவள் வேலை, சரிபார்ப்பது அவன் வேலை. அவள் தாழ்ப்பாளைப் போட்டதும் அவன் குனிந்து குண்டுக்கு அடியில் விரலைவிட்டு, வாய் முழுசாகக் கவ்வியிருக்கிறதா என்று பார்ப்பான். கண்ணால் பார்த்து ஏமாந்தவர்கள் பல பேர் உண்டு, அவன் விரல் ஏமாறாது. கிராண்ட் ஃபோர்க்ஸ் டாக்டரும் நல்ல வார்த்தை சொன்னார். கண்ணில் ஊசி போட்டுக்கொண்டே வந்தால் மிச்சப் பார்வையைப் பிடித்து வைக்கலாம். அந்த ஊசி டெக்ஸஸிலும் போடுகிறார்கள்.

முதல் பனி விழுவதற்கு முன்னால், பீட் லாரிகள் ரோடு முழுக்க மண்ணைக் கொட்டிக்கொண்டு ஓடிய ஒரு காலையில் இருவரும் கிளம்பினார்கள். அந்த லாரிகளின் சத்தம் வந்த பக்கமெல்லாம் வெர்லின் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தான். பிறகு மடியிலிருந்த டப்பாவைத் திறந்து, தேவாலயத்துப் பெண்கள் சுட்டுக் கொடுத்த இனிப்புத் துண்டு ஒன்றை அவள் கையில் வைத்தான். ரோட்டோர வரிகள் அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை.

சாயங்கால வெயிலில் தெற்கு டகோட்டாவின் கடைசி முனையில் ஒரு முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் இடத்துக்கு எதிரே சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ட்ரெய்லர் வருவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெர்லின் மறுபக்கக் கதவைத் திறந்தான். ஒரு கணம் அப்படியே இருந்தான். பிறகு இறங்கி, ட்ரெய்லர் உடம்பைத் தடவிக்கொண்டே பின்னால் போய் நின்று, கையைத் தூக்கினான்.

பின்னால் எடுப்பதில்தான் ஆர்டித் தடுமாறினாள். பஸ் நடுவில் ஒடியாது, இது ஒடியும். இடது பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலது பக்கம் போனது. முன்னே வந்து, பின்னே போய், மறுபடி முன்னே வந்தாள். வியர்த்துக் கொட்டியது. கண்ணாடியில் பார்த்தாள். வெர்லின் அவளையோ ட்ரெய்லரையோ பார்க்காமல் ஆற்றங்கரை மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படியானால் அவனுக்கு நன்றாகத் தெரிகிறது என்று அர்த்தம். அவன் கை மெதுவாக அசைந்தது, வா, வா, இடது பக்கம், போதும். அவள் நிறுத்தினாள். கொஞ்சம் கோணல்தான், ஆனால் எதிலும் இடிக்கவில்லை.

சிவப்புத் தொப்பிக்காரர் எழுந்து வெர்லினிடம் வந்தார். ஜன்னல் திறந்திருந்ததால் ஆர்டித்துக்கு எல்லாம் கேட்டது.

"வாங்க, வாங்க. எங்கேர்ந்து வர்றீங்க? நல்ல வண்டி." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஹிட்சை மட்டும் ஒரு தடவை பாத்துக்கிட்டா நல்லது."

ஆமாம், பார்க்கணும் என்று வெர்லின் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாருடைய மானமும் பிழைத்துவிடும்.

"ஹிட்ச் சரியாத்தான் இருக்கு" என்றான் வெர்லின். "எனக்குத்தான் கண்ணு போயிடுச்சு. இனிமே என் பெண்டாட்டிதான் ஓட்டுவா. ட்ரெய்லரைப் பின்னால எடுக்கறது இன்னிக்குத்தான் முதல் தடவை."

சிவப்புத் தொப்பிக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. முகத்துக்கு நேரே உண்மையைக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர், பாவம்.

வெர்லின் இன்னும் மரங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று ஆர்டித்துக்குத் தெரியும்.

"மோசமில்லை" என்றான், அவளுக்குக் கேட்கிற மாதிரி.